ஸ்கூட்டர் டயரை நீங்களே மாற்றலாம்: வாங்குவதிலிருந்து முதல் ஓட்டம் வரை

ஸ்கூட்டர் டயர் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று புதிதாக வண்டி வாங்கியவர்கள் கேட்பதுண்டு. சின்னதாக ஒரு கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும். 90/100-10 அளவு டயர் போட்ட ஸ்கூட்டர் சக்கரம் ஒரு கிலோமீட்டர் போகச் சுமார் 730 தடவை சுற்ற வேண்டும். 110/80-17 டயர் போட்ட பைக் சக்கரத்துக்கு அதே தூரத்துக்கு 525 சுற்று போதும். சக்கரம் சிறியது என்பதால் ரப்பர் ரோட்டை அத்தனை தடவை கூடுதலாக உரசுகிறது. போதாததற்கு எஞ்சின் மொத்தமும் பின்சக்கரத்தை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது, அதனால் பின் டயர் முன் டயரை முந்திக்கொண்டு தேயும். ஆக, ஸ்கூட்டர் வைத்திருந்தால் டயர் மாற்றுவது திரும்பத் திரும்ப வரும் வேலை. ஒரு தடவை கற்றுக்கொண்டால் வீண் போகாது.

சக்கரத்தைக் கழற்றியே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: இந்த வேலை முழுவதிலும் உடல் பலம் தேவைப்படுவது இரண்டே இடத்தில். சக்கரத்தின் நடுத்தண்டைப் பிடித்திருக்கும் பெரிய ஆக்சில் நட்டை இளக்கி இறுக்கும்போது ஒன்று, ரிம்மோடு ஒட்டிப்போன டயர் விளிம்பை விடுவிக்கும்போது இன்னொன்று. வேறு எங்காவது மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ ஒரு படியைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு என்ன விட்டுப்போனது என்று பாருங்கள்.

மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதா?

டயரின் பக்கவாட்டில், பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் கட்டைகள்) தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற மூன்று எழுத்தோ இருக்கும். அதற்கு நேர் மேலே பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்காக ஒரு சிறிய ரப்பர் மேடு தெரியும். பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் உயரத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. சரி, அதுவரை ஓட்டலாமா என்றால், மழை நாட்களில் ஓட்டுகிறவர் அதற்குக் கொஞ்சம் முன்பே மாற்றிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். பள்ளம் ஆழமாக இருந்தால்தான் தண்ணீர் விலகி ரப்பர் தரையைப் பிடிக்கும்.

தேய்மானம் மட்டும் பார்த்தால் போதாது. நடுப்பகுதி மட்டும் தட்டையாகித் தோள்பகுதி புதிதாகவே இருக்கிறதா என்று பாருங்கள், அப்படி இருந்தால் வளைவில் சாய்க்கும்போது வண்டி ஒரு விளிம்பின் மேல் ஏறி இறங்குவது போலத் தயங்கும். பக்கவாட்டில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு ஓடியிருந்தாலோ, எங்காவது கொப்புளம் போல வீங்கியிருந்தாலோ பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த டயர் வேண்டாம். வீக்கம் என்றால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள், ரப்பர் மட்டும்தான் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

வயதும் முக்கியம். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. டயரின் இரண்டு பக்கத்தில் ஒன்றில் மட்டும்தான் இது முழுதாக இருக்கும், காணோமே என்று நினைத்தால் மறுபக்கம் பாருங்கள். போட்டு ஐந்து வருடம் ஆன டயரை வருடத்துக்கு ஒரு முறையாவது தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள், செய்து பத்து வருடம் ஆனதைப் பார்க்க எப்படி இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். வாங்கும்போதும் இதே எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கும் டயர் வெகுநாளாக அலமாரியிலேயே கிடந்ததாக இருக்கலாம்.

அளவைப் படிப்பது

புதிய டயர் தேர்வு செய்ய உங்களுக்கு வேண்டிய எல்லாமே பழைய டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது. 90/100-10 53ஜே என்பதை எடுத்துக்கொள்வோம். 90 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 100 என்பது உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, இங்கே அகலமும் உயரமும் ஒன்று. 10 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்து வரும் 53 எடை தாங்கும் குறியீடு, அந்த ஒரு டயர் 206 கிலோ வரை தாங்கும். 51 என்றால் 195 கிலோ, 54 என்றால் 212, 59 என்றால் 243. கடைசி எழுத்து வேகம்: ஜே 100 கிலோமீட்டர், கே 110, எல் 120, பி 150. எடையிலும் வேகத்திலும் பழைய எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ வாங்கலாம், குறைத்து மட்டும் வாங்காதீர்கள்.

பழைய வண்டிகளில் 3.50-10 என்று அங்குலக் கணக்கில் எழுதியிருக்கும். 3.50 அங்குலம் என்பது 89 மில்லிமீட்டர், ஆகவே அதுவும் 90/100-10-ம் ஏறத்தாழ ஒரே உயரம்தான்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் 90/90-10-ஐயும் 90/100-10-ஐயும் ஒன்று என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 அங்குல ரிம் என்பது 254 மில்லிமீட்டர், அதோடு மேலும் கீழும் டயரின் உயரம் சேர வேண்டும். 90/100 என்றால் மொத்த விட்டம் 434, 90/90 என்றால் 416. வண்டி 9 மில்லிமீட்டர் தாழும், அந்தச் சக்கரத்திலிருந்து வேகம் எடுக்கும் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிட நான்கு சதவீதம் போல அதிகமாகக் காட்டும். மறுபக்கம் 100/90-10 வாங்கினால் விட்டம் அதே 434 வரும், ஆனால் அகலம் 10 மில்லிமீட்டர் கூடும். ஸ்கூட்டரில் பின்சக்கரத்துக்கும் எஞ்சின் உறைக்கும் நடுவே சில சமயம் விரல் நுழையும் இடம்தான் இருக்கும், சைலன்சர் தாங்கியும் மட்கார்டும் மறுபக்கம் நெருங்கி நிற்கும். நின்றபடி இருக்கும்போது தொடாத டயர், பின்னால் ஆள் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது உரசலாம். அகலமான டயர் பார்க்க எடுப்பாக இருக்கும் என்பது உண்மை, இருந்தாலும் வண்டியின் கையேட்டில் அந்த அளவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து டியூப் உண்டா இல்லையா. டிடி என்றோ டியூப் டைப் என்றோ எழுதியிருந்தால் டியூபோடுதான் ஓட்ட வேண்டும். டிஎல் அல்லது டியூப்லெஸ் என்றிருந்தால் அதற்குத் தோதான ரிம் வேண்டும். இரண்டு பாதியாகப் பிரிந்து நட்டு போட்டு இணையும் பழைய பாணி ரிம்மில் டியூப்லெஸ் டயர் வாங்கிப் போட்டாலும் உள்ளே டியூப் வைத்தே தீர வேண்டும், ஏனென்றால் அந்த இணைப்பு வழியே காற்று போய்விடும். டியூப் எப்போதும் புதிது போடுங்கள், டியூப்லெஸ் என்றால் வால்வைப் புதிதாக மாற்றுங்கள். டயருக்கு ஆகும் செலவில் அது ஒரு சிறு பங்கு, டயர் கழன்றிருக்கும் நேரத்தைத் தவிர வேறு எப்போதும் அதைச் சுலபமாக மாற்ற முடியாது.

எந்த டயர், எந்தச் சக்கரத்துக்கு?

மென்மையான ரப்பர் ஈர ரோட்டில் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் நெடுநாள் உழைக்கும், மழையில் கொஞ்சம் வழுக்கும். அலைச்சல் அதிகம் உள்ளவர் பின்னால் கெட்டியானதும் முன்னால் மென்மையானதும் போட ஆசைப்படலாம், ஆனால் முன்பின் இரண்டும் ஒரே கம்பெனி ஒரே மாடல் என்று போடுவதில்தான் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்ளும், புதியவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

இரண்டு சக்கரமும் ஒரே அளவுள்ள வண்டிகளில் ஒரு பழக்கம் இருக்கிறது, எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம்: பின் டயர் பாதி தேய்ந்ததும் அதை முன்னால் போட்டுவிட்டு, முன்னால் இருந்த நல்ல டயரைப் பின்னால் தள்ளுவது. பின்சக்கரம் வழுக்கினால் பல சமயம் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் நினைப்பதற்குள் தரையில் கிடப்போம். பிரேக் பிடிக்கும்போது எடை முழுவதும் சாய்வதும் முன்னால்தான். ஒரே ஒரு புது டயர் வாங்கத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் தேய்ந்திருப்பது எதுவோ அதை மாற்றுங்கள், தேய்ந்ததை எடுத்து முன்னால் மட்டும் போடாதீர்கள்.

வேலைக்கு முன்

டயரை நெம்பி எடுக்கும் நீளமான டயர் லிவர் இரண்டு, முடிந்தால் மூன்று. ஆக்சில் நட்டுக்குச் சரியான பாக்ஸ் ஸ்பேனரும் நீளமான கைப்பிடியும். வால்வு பின் (வால்வுக்குள் இருந்து காற்றை அடைத்து வைக்கும் ஊசி) கழற்றும் சாவி, காற்று பம்ப், அழுத்தமானி, சோப்புத் தண்ணீர், பழைய துணி. பிளாஸ்டிக் குழாயை நீளவாட்டில் கீறி ரிம் விளிம்பில் மாட்டிக்கொண்டால் பெயின்ட் கீறாது. எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு சொந்தமாக இல்லையென்றாலும் கேட்டு வாங்கி வையுங்கள். பின் ஆக்சில் நட்டு பல ஸ்கூட்டர்களில் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்க வேண்டியது, கைக்கணக்கு அங்கே உதவாது. சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

சோப்புத் தண்ணீருக்குப் பதில் எஞ்சின் ஆயிலோ கிரீஸோ தடவ வேண்டாம். ரப்பரைக் கெடுக்கும், டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றவும் வைக்கும்.

சக்கரத்தைக் கழற்றுவது

எஞ்சின் சூடாக இருந்தால் காத்திருங்கள், சைலன்சர் கையைச் சுட்டுவிடும். வண்டியைச் சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரத்துக்கு முதல் வேலை, பெரும்பாலான ஸ்கூட்டர்களில், சைலன்சரைக் கழற்றுவது. எஞ்சினோடு சேரும் இடத்தில் இரண்டு நட்டு, பக்கவாட்டில் இரண்டு மூன்று போல்ட், இப்படித்தான் பொதுவாக இருக்கும். எஞ்சின் பக்கத்து நட்டு துருப்பிடித்திருந்தால் துரு இளக்கும் எண்ணெய் தெளித்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், அவசரப்பட்டால் மரை உள்ள கம்பியே முறிந்து வரும், அப்புறம் டயர் வேலை எஞ்சின் வேலையாகிவிடும். கழற்றியதும் நடுவில் உள்ள வளையத்தைப் பாருங்கள், நசுங்கியிருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள்.

ஆக்சில் நட்டில் குறுக்கே பின் மாட்டியிருந்தால் முதலில் அதை எடுங்கள். பிறகு ஒருவரைப் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நட்டை இளக்குங்கள். நட்டு, வாஷர், புஷ் எல்லாம் வருகிற வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் வலப்பக்கம் ஒரு தாங்கு கை இருக்கும், அதுவும் கழன்ற பிறகுதான் சக்கரம் வெளியே வரும். டிரம் பிரேக் என்றால் உள்ளே உரசி நிறுத்தும் ஷூ வண்டியிலேயே நிற்கும், சக்கரம் மட்டும் நழுவி வரும். ஷூ மேல் படிந்த தூசியை ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

முன்சக்கரத்துக்கு, கால் வைக்கும் தளத்துக்கு அடியில் உள்ள சட்டத்தின் முன்பகுதிக்குக் கீழே பலகை வைத்து முன்பக்கம் தூக்கி நிற்கும்படி செய்ய வேண்டும், அது அசைகிறதா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்த பிறகே ஆக்சிலை உருவுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் இருந்தால் முதலில் அது. டிஸ்க் பிரேக் வண்டியில் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லிவரைத் தொடவே கூடாது, டிஸ்கை இருபுறமும் கவ்வும் காலிப்பரின் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பேட் நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகி வைத்துவிட்டால் நிம்மதி.

வெஸ்பா மாதிரி ஒரு பக்கம் மட்டும் தாங்கிய சக்கரம் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதி ஐந்து நிமிடம்தான். 1946-இல் வந்த முதல் வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ டஸ்கானியோ விமானப் பொறியாளர், விமானச் சக்கரம் போல ஒரு பக்கத் தண்டில் அதை மாட்டினார். கார் சக்கரம் மாதிரி நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும்.

இரண்டு பாதி ரிம் உள்ளவர்கள் கவனத்துக்கு

இதை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். அந்தச் சக்கரத்தில் இரண்டு கூட்டம் நட்டு உண்டு. ஒன்று சக்கரத்தை வண்டியோடு பிடிப்பது, இன்னொன்று ரிம்மின் இரு பாதியையும் ஒன்றாகப் பிடிப்பது. உள்ளே காற்று இருக்கும்போது இரண்டாவது கூட்டத்தை இளக்கினால் ரிம் பாதி வெடித்துப் பறக்கும், முகத்திலோ கையிலோ பட்டால் மீள முடியாத காயம். வால்வு பின்னை முழுதாக வெளியே எடுங்கள், வால்வில் மெல்லிய கம்பி விட்டு அடைப்பில்லை என்று பாருங்கள், டயரைக் கையால் அமுக்கி தளர்ந்துவிட்டதா என்று பாருங்கள். அதற்கப்புறம்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

அதைத் தாண்டிவிட்டால் உங்கள் வேலை எல்லாரையும்விட எளிது, லிவரே தேவையில்லை. பாதிகளைப் பிரித்து, துருவைத் தேய்த்துத் துடைத்து, புது டியூபுக்குக் கொஞ்சம் பவுடர் தூவி லேசாகக் காற்று பிடித்து டயருக்குள் வைத்து, வால்வு துளை உள்ள பாதியை முதலில் பொருத்தி, மற்றதை மூடி, நடுவே டியூப் சிக்கவில்லை என்று சுற்றிலும் பார்த்துவிட்டு நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

ஒரே துண்டு ரிம்மிலிருந்து டயரை எடுப்பது

வால்வு பின்னை எடுத்துக் காற்று முழுவதும் போன பிறகு, டயர் விளிம்பு ரிம்மின் ஓரத்தில் இறுகிப் பிடித்திருக்கும். டயரைத் தரையில் கிடத்தி, டிஸ்க் இருந்தால் அது தரையில் படாமல் கட்டை கொடுத்து, ரிம்மை ஒட்டிய ரப்பரில் குதிகாலால் ஏறி மிதியுங்கள். அசையாவிட்டால் இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை அந்த இடத்தில் இறக்கி வண்டியை மெல்லச் சாயுங்கள், அதன் எடை வேலையைச் செய்துவிடும். இரு பக்கமும் விடுபட வேண்டும்.

இனி இந்த வேலையின் உயிர்நாடி. ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். டயர் விளிம்புக்குள்ளே இரும்புக் கம்பி இருக்கிறது, அது நீளவே நீளாது. லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால்தான் இந்தப் பக்கம் மேலேறி வரத் தேவையான தளர்வு கிடைக்கும். எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பள்ளத்தில் இறக்கிப் பிடித்துக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வால்வுக்குப் பக்கத்தில் லிவரை விடுங்கள். ஒரு தடவைக்கு நான்கைந்து சென்டிமீட்டர் மட்டும் எடுங்கள். கை வலிக்கிறதா? எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து ஏறிவிட்டது. மறுபடி இறக்குங்கள், லிவர் லேசாகிவிடும். ஒரு பக்க விளிம்பு வந்ததும் டியூபை உருவி, மறு விளிம்பையும் அதே பக்கமாகவே வெளியே எடுங்கள்.

பத்து அங்குல டியூப்லெஸ் டயரில் இது கடினம் என்பதை மறைக்க மாட்டேன். டயர் சிறியது, விளிம்பு விறைப்பானது, ரிம் ஓரத்தில் சிறு கீறல் விழுந்தாலும் காற்று கசியும். முதல் தடவை என்றால் சக்கரத்தை மட்டும் நீங்கள் கழற்றி, டயர் மாற்றும் மெஷின் உள்ள கடையில் கொடுத்து மாட்டி வாங்கி வருவது முற்றிலும் புத்திசாலித்தனமான வழி.

புது டயரை மாட்டுவது

ரிம்மின் உள்ளே விளிம்பு உட்காரும் ஓரத்தைத் துடையுங்கள், பழைய ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள். டயரில் அம்புக்குறி உண்டா என்று பாருங்கள், வண்டி முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுற்றும் திசையை அது காட்ட வேண்டும். சில டயர்களில் முன்னால் போட்டால் ஒரு திசை, பின்னால் போட்டால் எதிர்த்திசை என்று இரண்டு அம்பும் இருக்கும், பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் போடாதீர்கள். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக வையுங்கள்.

முதல் விளிம்பு கையாலேயே உள்ளே போய்விடும். டியூப் வண்டி என்றால், டியூபுக்கு உருண்டை வடிவம் வரும் அளவு மட்டும் காற்று பிடித்து உள்ளே வைத்து, வால்வைத் துளையில் விட்டு நட்டை நுனியில் மட்டும் மாட்டுங்கள். இரண்டாவது விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி இரு பக்கமும் சுற்றி வந்து வால்வில் முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் டியூப் தடிமனாக இருப்பதால் விளிம்பு அங்கே பள்ளத்தில் இறங்காது, அதனால் அது கடைசி இடமாக இருக்க வேண்டும். கடைசிச் சில அங்குலத்தில் வால்வை உள்ளே அழுத்தி விடுங்கள், லிவர் டியூபைக் கடிக்காமல் இருக்கும். என் முதல் முயற்சியில் இதைச் செய்யாமல் புது டியூபைக் கிழித்து, முழு வேலையையும் மறுபடி செய்தேன்.

காற்று

வால்வு பின் இல்லாமலேயே முதலில் காற்றடியுங்கள், வேகமாகப் போகும். டியூப்லெஸ் டயரில் காற்று பக்கவாட்டில் தப்பித்துக்கொண்டே இருந்தால் பட்டன் மேல் சுற்றிலும் ஒரு பட்டை கட்டி இறுக்குங்கள், விளிம்புகள் வெளிப்பக்கம் விரிந்து ரிம்மைத் தொடும். பெட்ரோல் ஊற்றித் தீ வைத்து டயரை உட்கார வைக்கும் வேலையை யார் காட்டினாலும் செய்யாதீர்கள். அழுத்தம் ஏற ஏற இரண்டு தடவை டப் என்று சத்தம் வரும், ஒவ்வொரு விளிம்பும் இடத்தில் உட்கார்ந்த சத்தம். 40 பிஎஸ்ஐ வரை வந்தும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி மறுபடி சோப்புத் தண்ணீர் தடவித் தொடங்குங்கள், மேலே ஏற்றாதீர்கள். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே விரல் வைக்கக் கூடாது.

ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அந்த இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால் டயர் நேராக உட்கார்ந்திருக்கிறது. பிறகு பின்னை மாட்டி, வண்டியின் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ சொன்ன அழுத்தத்துக்குக் கொண்டு வாருங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள அழுத்த எண் உச்ச வரம்பு, அது உங்கள் வண்டிக்கான அளவு இல்லை.

திரும்ப மாட்டி ஓட்டுவது

கழற்றிய வரிசையைத் திருப்பிச் செய்தால் போதும், ஓர் இடத்தைத் தவிர. முன்னால் டிரம் பிரேக் என்றால் பிரேக் தட்டில் ஒரு வெட்டு இருக்கும், ஃபோர்க்கில் ஒரு முளை இருக்கும். இரண்டும் கோத்து நிற்க வேண்டும். கோக்காமல் ஆக்சிலை இறுக்கிவிட்டால் முதல் பிரேக்கில் தட்டு சக்கரத்தோடு சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆக்சில் நட்டைக் கையேட்டு அளவுக்கு இறுக்கி, குறுக்குப் பின் மாட்டும் வகை என்றால் புதிய குறுக்குப் பின் போடுங்கள். டிஸ்க் வண்டியில் கிளம்பும் முன் பிரேக் லிவரை நாலைந்து தடவை அழுத்தி அழுத்தம் திரும்பியதை உறுதி செய்யுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி எதுவும் உரசவில்லை என்று பாருங்கள்.

புது ரப்பரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டருக்கு வளைவில் அதிகம் சாய்க்காமல், சடாரென்று பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள், மழை பெய்தால் இன்னும் நிதானமாக. முதல் ஓட்டம் முடிந்ததும் ஆக்சில் நட்டையும் சைலன்சர் போல்ட்டையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, அழுத்தம் பாருங்கள். குறைந்திருந்தால் வால்விலும் ரிம் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வால்வு நுனியில் வந்தால் பின்னை இறுக்கினால் சரியாகிவிடும், ரிம் ஓரத்தில் வந்தால் அங்கே அழுக்கு மாட்டியிருக்கிறது, காற்றை இறக்கி அந்த இடத்தை மட்டும் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.